இஸ்கஸ் விட்டுச் சென்றது

தேசூர் மலரில் ருஷ்யாவுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். தொ.மு.சி. ரகுநாதனின் தமிழில் கார்க்கியின் ‘தாய்’ நாவலைப் படித்தவர்கள் கேட்கமாட்டார்கள்.

ருஷ்யாவோடு நமக்குள்ள அந்த உறவை ஒரு சங்கமாகக் கட்டியது இந்திய – சோவியத் கலாசாரக் கழகம். எல்லார் வாயிலும் அது இஸ்கஸ். ஹிட்லரின் படை சோவியத் மண்ணில் புகுந்த 1941இல் தோன்றிய சோவியத் நண்பர்கள் சங்கம் அதற்கு முன்னோடி. இஸ்கஸ் 1952இல் அமைந்தது. பம்பாய் அறுவை மருத்துவர் ஏ.வி. பாலிகா அதை வளர்த்தார். மாஸ்கோவில் இந்தியத் தூதராயிருந்த கே.பி.எஸ். மேனன் பின்னாளில் தலைமை ஏற்றார்.

மாலைகளும் வரவேற்புரைகளும் அங்கே நிறைய நடந்தன. அவற்றை இன்று யாரும் நினைப்பதில்லை. மொழிக்காக உழைத்தவர்களின் வேலைதான் மிஞ்சியது. பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா முதலியோர் மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்துக்காக மொழிபெயர்த்தார்கள், நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் (என்.சி.பி.எச்.) அவற்றை மலிவு விலையில் ஊர் ஊராகக் கொண்டுபோனது.

எதிர்த்திசையில், ருஷ்யாவில் தமிழுக்காக நடந்த உழைப்பு இன்னும் பழையது. அலெக்சாந்தர் மெர்வார்ட் 1914 முதல் 1918 வரை இலங்கையிலும் இந்தியாவிலும் சுற்றி, திரும்பியபின் லெனின்கிராடில் தமிழ் கற்பித்தார். அவருடைய பேச்சுத்தமிழ் இலக்கணம் 1929இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே ஸ்டாலின் ஆட்சி அவரைக் கைது செய்தது. 1932இல் தடுப்பு முகாமில் இறந்தார். நட்புறவு மேடைகள் இப்பெயரை உரக்கச் சொன்னதாகத் தெரியவில்லை, சொல்லியிருக்க வேண்டும். பிறகு வந்த தமிழறிஞர் செம்யோன் ருதின் ‘செம்பியன்’ என்று தமிழ்ப்பெயர் சூடினார். அவரும் சக அறிஞர் பியாதிகோர்ஸ்கியும் தொகுத்த தமிழ் – ருஷ்ய அகராதி 1960இல் அச்சேறியது. ஏறத்தாழ 38,000 சொற்கள். சங்கப் பாடல்களை ஆராய்ந்த மாஸ்கோப் பேராசிரியர் அலெக்சாந்தர் துபியான்ஸ்கி 2020 நவம்பரில் கொரோனாவுக்குப் பலியானார்.

இஸ்கஸின் பலவீனம், அது அரசுகளின் நிழலில் வளர்ந்ததுதான். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் மலிவுப் புத்தகங்களின் வரத்தும் நின்றது, கழகமும் தளர்ந்தது. சந்தா கட்டும் உறுப்பினர்களையே நம்பி நின்றிருந்தால் கழகம் சிறியதாக இருந்திருக்கும். ஆனால் ஓர் ஆட்சி விழுந்ததற்காகத் தளர்ந்திருக்காது.

தேசூரிலும் சுற்றுவட்டாரத்திலும் எவர் வீட்டுப் பரணிலாவது அந்தக் காலத்து மாஸ்கோ வெளியீடுகள் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பல நூல்களுக்கு மறுபதிப்பு இல்லை. தூசி தட்டி, ஊர் நூலகத்தில் கொடுங்கள்.