எழுதப்படாத சட்டமும் ஒரு கைகுலுக்கலும்

1963 மார்ச் 15. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஈஸ்ட் லான்சிங் நகரம். கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டம் ஒன்று தொடங்கும் முன் இரண்டு அணித் தலைவர்கள் கைகுலுக்குகிறார்கள். சிகாகோ லயோலா பல்கலைக்கழகத்தின் ஜெர்ரி ஹார்க்னஸ் கறுப்பர். மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜோ டான் கோல்ட் வெள்ளையர். சுற்றிலும் கேமராக்கள் மின்னுகின்றன. எல்லா ஆட்டத்திலும் நடக்கும் கைகுலுக்கல்தான். அதைப் படமெடுக்க ஏன் இத்தனை பேர்? தொட்டால் அது செய்தியாகிவிடும் சமூகத்தை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை தோழர்களே.

அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியக் கூடைப்பந்துப் போட்டி 1939 முதல் நடக்கிறது. வழக்கமான பருவ ஆட்டங்கள் முடிந்ததும், வட்டார லீக்குகளில் வென்ற அணிகள் மார்ச் மாதத்தில் மோதும். ஒரு ஆட்டம் தோற்றால் வெளியே. இதில் ஆடுவது எந்தக் கல்லூரி வீரனுக்கும் பெருங்கனவு.

மிசிசிப்பி ஸ்டேட் 1959, 1961, 1962 என மூன்று முறை தன் லீக்கில் முதலிடம் பிடித்தது. மூன்று முறையும் தேசியப் போட்டிக்குப் போகவில்லை. அங்கே கறுப்பின வீரர்கள் இருக்கும் அணியோடு ஆட வேண்டி வரலாம் என்பதே காரணம். அதைத் தடுக்கும் சட்டம் எதுவும் புத்தகத்தில் இல்லை. "எழுதப்படாத சட்டம்" என்றார்கள். நம் ஊர்த் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வைக்கச் சொல்லியும் எந்தச் சட்டமும் இல்லை.

1963-இல் நான்காவது முறையாக வாய்ப்பு வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவர் அதே மாநிலத்தின் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததற்குக் கலவரம் வெடித்து இருவர் இறந்திருந்தனர். ஆளுநர் ராஸ் பார்னெட் இனப்பிரிவினையின் காவலர். ஆனாலும் மிசிசிப்பி ஸ்டேட் தலைவர் டீன் கொல்வார்ட், இம்முறை அணி போகும் என்று அறிவித்தார். மாணவர்கள் பலர் ஆதரித்தார்கள். எதிர்த்தவர்கள் நீதிமன்றத்துக்குப் போய்த் தற்காலிகத் தடை வாங்கினார்கள்.

உத்தரவு கைக்கு வருமுன் பயிற்சியாளர் பேப் மெக்கார்த்தி காரில் மாநில எல்லையைத் தாண்டிவிட்டார். மறுநாள் காலை மாற்று வீரர்களை முதலில் விமான நிலையத்துக்கு அனுப்பிப் பார்த்தார்கள். மறிக்க யாரும் வரவில்லை என்று தெரிந்த பிறகே முதன்மை வீரர்கள் விமானம் ஏறினார்கள். ஒரு பந்தாட்டம் ஆடுவதற்குக் கல்லூரிப் பையன்கள் சொந்த மாநிலத்திலிருந்து தப்பி ஓட வேண்டியிருந்தது!

லயோலா 61–51 என்று வென்றது. அடுத்த வாரம் இறுதி ஆட்டத்தில் சின்சினாட்டியைக் கூடுதல் நேரத்தில் 60–58 என்று வீழ்த்திக் கோப்பையையும் எடுத்தது.

இந்தக் கதை பெரும்பாலும் வெள்ளை வீரர்களின் துணிச்சலாகவே சொல்லப்படுகிறது. அந்தத் துணிச்சலை நாம் மறுக்கவில்லை. ஆனால் லயோலாவின் முதல் ஐவரில் நால்வர் கறுப்பர்கள்: ஹார்க்னஸ், லெஸ் ஹண்டர், விக் ரௌஸ், ரான் மில்லர். பல அணிகள் ஒரே நேரத்தில் இத்தனை கறுப்பர்களைக் களமிறக்கத் தயங்கிய காலம் அது. ஹார்க்னஸுக்குக் கு கிளக்ஸ் கிளான் மிரட்டல் கடிதங்கள் வந்தன. தெற்கே ஆடப் போன இடங்களில் பார்வையாளர்களின் வசைகளைக் கேட்டுக்கொண்டே பந்தைக் கூடையில் போட்டார்கள். அவர்கள் அத்தனை திறமையோடு முன்னேறி வந்து நின்றதால்தான் மிசிசிப்பிக்கு அந்தக் கேள்வியே எழுந்தது.

கைகுலுக்கலுக்குப் பிறகு என்ன நடந்தது? மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதே மிசிசிப்பியில் கறுப்பின உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். கறுப்பர்களோடு ஆடத் துணிந்த அந்தப் பல்கலைக்கழகம் ஒரு கறுப்பின மாணவரை வகுப்பறைக்குள் சேர்த்தது 1965-இல்தான்.

நம் வரலாற்றிலும் பல்வாங்கர் பாலூ இருக்கிறார். இந்துக்கள் அணிக்கு விக்கெட் வேண்டும்போது அவர் பந்து வீசினார்; தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண்குவளை. அணித் தலைமை அவருக்குக் கடைசிவரை தரப்படவில்லை. 1923-இல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் கிடைத்தது.

ஆகவே நண்பர்களே, சமபந்தியையும் கைகுலுக்கல் புகைப்படத்தையும் காட்டி மாற்றம் வந்துவிட்டது என்று யாராவது சொன்னால், படத்தை நன்றாகப் பாருங்கள். பிறகு கேளுங்கள்: அந்த நிறுவனத்தின் சேர்க்கைப் பட்டியலில் நம் பெயர் இருக்கிறதா? முடிவெடுக்கும் நாற்காலியில் நம்மவர் இருக்கிறார்களா? எழுதப்படாத சட்டங்கள் ஒரு மாலை ஆட்டத்தில் உடையலாம். அவை காத்துவந்த கதவுகளைத் திறக்க அதற்குப் பிறகும் போராட வேண்டியிருக்கிறது.