‘வூட்ஸ்’ என்றொரு பெயர்

நம் பக்கத்துப் பழைய எஃகைப் பற்றி எந்த ஆங்கிலப் புத்தகத்தைப் புரட்டினாலும் ‘வூட்ஸ்’ என்ற சொல் வந்துவிடும். இப்போது தமிழிலும் அப்படியே எழுதுகிறோம். ஆனால் எந்தக் கொல்லுப் பட்டறையிலும் அந்தச் சொல் புழங்கியதாகத் தெரியவில்லை. கன்னடத்திலும் தெலுங்கிலும் எஃகுக்கு ‘உக்கு’ என்று பெயர். நமக்கு உருக்கு. அந்த ‘உக்கு’தான் வெள்ளைக்காரர் காதிலோ பேனாவிலோ புரண்டு ‘வூட்ஸ்’ ஆகிவிட்டது என்பது பெரும்பாலோர் கருத்து.

அந்தச் சொல்லை அச்சில் ஏற்றிப் பிரபலமாக்கியது 1795-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஜார்ஜ் பியர்சன் படித்த கட்டுரை. பம்பாயிலிருந்து டாக்டர் ஸ்காட் என்பவர் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பாங்ஸுக்கு எஃகுக் கட்டிகள் சிலவற்றை அனுப்பியிருந்தார். பியர்சன் அவற்றைச் சோதித்து எழுதினார். கட்டுரையின் தலைப்பிலேயே இந்த எஃகு பம்பாயில் செய்யப்படுவது என்று போட்டுவிட்டார்! உண்மையில் அது தக்காணத்திலும் தெற்கேயும் உள்நாட்டுக் கிராமங்களில் மண் மூசையில் உருக்கியது. பம்பாய் கப்பல் ஏறிய ஊர், அவ்வளவுதான். பார்சல் வந்த ஊரே பிறந்த ஊராகிவிட்டது.

அதற்குப் பிறகு மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்தில் பெயர் எடுப்பதற்கு முன்பே, 1819-இல், இந்த எஃகைப் பகுத்துப் பார்த்தார். கொல்லர் மகன் அல்லவா, ஆர்வம் இருக்கத்தானே செய்யும்? கத்தி செய்யும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து இதைப் போலவே ஒன்றைச் செய்யப் பார்த்து, எஃகில் வேறு உலோகங்களைக் கலக்கும் சோதனைகளில் இறங்கினார். கலப்பு எஃகின் வரலாற்றை எழுதுவோர் பலரும் அந்தச் சோதனைகளை முதல் பக்கங்களிலேயே வைக்கிறார்கள். ஃபாரடேயின் சோதனைத் துண்டுகள் 79-ஐ ஒரு பெட்டியில் பத்திரமாக வைத்திருந்து, 1931-இல் ராபர்ட் ஹாட்ஃபீல்டு மறுபடி ஆராய்ந்து புத்தகமே போட்டார். அந்த ஆராய்ச்சிக்குத் தூண்டுதலாக இருந்த கட்டியை உருக்கியவர் எந்த ஊர், என்ன பெயர்? அதற்குப் பெட்டி இல்லை.

நான் வேலை பார்த்த வார்ப்படத் தொழிற்சாலையிலும் இதே கதைதான். ஒவ்வொரு உருக்கலுக்கும் பதிவேடு உண்டு. தேதி, எடை, கரிமம் எத்தனை சதவீதம், ஷிப்ட் பொறுப்பாளர் கையெழுத்து எல்லாம் இருக்கும். உலை வாயின் நிறத்தைப் பார்த்தே “இன்னும் கொஞ்சம் போகட்டும் தம்பி” என்று சொல்லும் பெரியவரின் பெயர் ஒரு பக்கத்திலும் இராது. யாரும் வேண்டுமென்று விட்டதில்லை. அதற்கு அங்கே கட்டம் போடவில்லை.

நம் உலைகளை நேரில் பார்த்து எழுதியவர்களும் உண்டு. பிரான்சிஸ் புக்கானன் 1800-01-இல் மைசூர்ச் சீமையைச் சுற்றியபோது இரும்பு உலைகளைப் பற்றி ஆள் கணக்கு, கூலிக் கணக்கு முதற்கொண்டு எழுதி வைத்தார். கம்பெனிக்கு வேண்டியது அதுதான்.

இன்னொருவர், நம் தென்னாற்காட்டுக்காரர்களுக்கு நெருங்கியவர், ஜோசையா மார்ஷல் ஹீத். கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை வைத்தவர். சேலம் பக்கத்துத் தாது, காட்டு மரத்தின் கரி, சர்க்கார் கடன் என்று நடந்த ஆலை அது. 1839-இல் அவர் நம் எஃகு செய்யும் முறையை விவரித்து எழுதினார். இரும்புத் துண்டுகளோடு காய்ந்த ஆவாரங்குச்சியை மூசைக்குள் போட்டு, மேலே எருக்க இலையை வைத்து, களிமண்ணால் வாயை அடைத்துத் துருத்தி ஊதுவார்களாம். இங்கிலாந்தில் புதிதாகக் காப்புரிமை வாங்கியிருந்த இரண்டு முறைகளின் தத்துவமும் இந்தக் கிராமத்து மூசைக்குள் சேர்ந்தே இருக்கிறது என்று அவர் எடுத்துக் காட்டினார். அந்தக் காலத்து வெள்ளைக்காரர் ஒருவர் இப்படி எழுதியது பெரிய விஷயம்தான்.

அதே 1839-இல், எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு ஹீத் காப்புரிமை எடுத்தார். ஷெஃபீல்டு முழுக்க அந்த வழி பரவியது. ஆனால் கொஞ்சம் மாற்றிச் செய்து, இது வேறு முறை என்று சொல்லிப் பணம் தராமல் விட்டவர்கள் உண்டு. வழக்கு இழுத்துக்கொண்டே போய், 1855-இல் பிரபுக்கள் சபை ஹீத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னபோது அவர் உயிரோடு இல்லை. அவருடைய வழக்காவது சட்டப் புத்தகத்தில் நிற்கிறது. ஆவாரங்குச்சி போட்டவர் வழக்குப் போட எங்கே போவார்?

நம் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. புருஷோத்தமன் அலெக்சாந்தருக்கு இந்திய எஃகைப் பரிசளித்தான் என்று வாட்ஸ்அப்பில் மாதம் ஒரு முறையாவது வருகிறது. குர்ட்டியஸ் என்ற ரோமானியர் எழுதியதில், பரிசு கொடுத்தவர்கள் மல்லர் முதலான வேறு கூட்டத்தார். கொடுத்தது நூறு தாலந்து ‘வெள்ளை இரும்பு’. அது எஃகுதான் என்று அவர் சொல்லவில்லை. அன்று ‘பம்பாய்’ என்று எழுதியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கையில் உள்ள தாளில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல், வேண்டியதை எழுதிவிடுவதுதான் இரண்டும்.

இத்தனைக்கும், நம் பெருமைக்குப் புருஷோத்தமன் சாட்சி தேவையே இல்லை. உலோகவியல் அறிஞர் சாரதா சீனிவாசன் அன்றைய தென்னாற்காட்டின் மேல்சிறுவளூரில் உடைந்த மூசை ஓடுகளைக் கண்டெடுத்து, கரிமம் மிகுந்த எஃகு அங்கே உருவானதை ஆய்வுக்கூடத்தில் காட்டினார். கொடுமணல் அகழாய்விலும் இரும்பும் எஃகும் செய்த உலைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. ஏடு எழுதாதவர்கள் விட்டுப் போன ஏடு அந்த ஓடுகள்தான். படிக்கத் தெரிந்தவர் வரும்வரை அவை அங்கேயே கிடந்தன.

எல்லா ஊரிலும் அப்படிக் கிடக்குமா என்பதுதான் என் கவலை. கறுத்த இரும்புக் கிட்டம் குவிந்து கிடக்கும் மேடு உங்கள் ஊர்ப் பக்கத்தில் இருந்தால், ரோட்டுக்குக் கொட்டவோ தோட்டத்துக்கு வேலி கட்டவோ அள்ளிக்கொண்டு போகிறார்களா என்று ஒரு நடை போய்ப் பாருங்கள். போட்டோ எடுத்து, இடத்தைக் குறித்து, பக்கத்துத் தொல்லியல் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போட்டு வையுங்கள். அந்த மேட்டுக்கு ஊர் ஜனங்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்பதையும், அவர்கள் சொல்கிற மாதிரியே, கடிதத்தில் எழுதிவிடுங்கள்.