மலையா, வயலா?

கதை எழுதறது எப்படின்னு சொல்லித் தர்றவங்க முதல்ல ஒரு மலைப் படம் போடுவாங்க. அறிமுகம், ஏற்றம், உச்சம், இறக்கம், முடிவு. ஜெர்மன் எழுத்தாளர் குஸ்தாவ் ஃப்ரைடாக் 1863-இல் நாடகம் பற்றி எழுதிய புத்தகத்திலிருந்து வந்தது இது. அவர் மனதில் இருந்தது ஐந்து அங்க நாடகங்கள். அதனால் அவருடைய மலைக்கு உச்சி நட்டநடுவில்! க்ளைமாக்ஸைக் கடைசி ரீலில் தேடும் நமக்கு இது கொஞ்சம் இடிக்கும்.

நம்ம ஊரில் வேறொரு படம் இருக்கு. சிலப்பதிகாரத்துக்கு இடைக்காலத்தில் உரை எழுதிய அடியார்க்கு நல்லார், நாடகத்தின் ஐந்து சந்திகளைச் சொல்கிறார்: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். (1892-இல் உ.வே.சா. இந்த உரையோடு நூலைப் பதிப்பித்தார்.) ஐந்து சந்திக் கணக்கு நாட்டிய சாஸ்திரத்திலும் உண்டு. ஆனா இவர் விளக்கம் அப்படியே நெல் வயல். உழுத மண்ணில் விதை முளைப்பது முகம். இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். கருக்கொண்டு நிற்பது கருப்பம். கதிர் முற்றுவது விளைவு. அறுத்து, போரடித்து, தூற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுவது துய்த்தல்.

என்ன வித்தியாசம்? மலை ஏற அடுத்தடுத்து படி போட்டுக்கொண்டே போகலாம். பயிர் அப்படி இல்லை. விதைக்குள் இருப்பதுதான் வளரும்.

சிலப்பதிகாரத்தையே வச்சுப் பார்ப்போம். (இந்தப் பொருத்தம் என்னுடையது.) 4-வது காதையில் பிரிவுத் துயரில் கண்ணகி காலில் சிலம்பு இல்லை. 9-இல் அந்தச் சிலம்பைக் கோவலனிடம் கொடுக்க முன்வருகிறாள். 16-இல் அதனாலேயே அவன் கொலையாகிறான். 20-இல் பாண்டியன் முன்னால் அது உடைந்து மாணிக்கம் தெறிக்கிறது. பொற்கொல்லன் பாதியில் வந்த புது ஆள்தான். ஆனா அவனும் சிலம்பு வழியாகத்தான் கதைக்குள் வர்றான். பிறகு வரும் வஞ்சிக் காண்டத்தின் 7 காதைகளை 'இழுவை'ன்னு சொல்றவங்க உண்டு. வயல் கணக்கில் அது துய்த்தல். அறுவடை முடிஞ்சதும் நெல்லைக் களத்திலேயே விட்டுட்டு வருவோமா என்ன?

அதனால, கதை நடுவில் படுத்துடுச்சுன்னா அவசரமா ஒரு விபத்தையோ வில்லனையோ இறக்காதீங்க மக்களே. முதல் பக்கங்களில் என்ன விதைச்சோம்னு திரும்பிப் பாருங்க. அதிலிருந்து முளைக்காதது எதுவா இருந்தாலும், எவ்வளவு பச்சையா இருந்தாலும், களைதான்.