புழுதி நிறம்

என் பெரியப்பாவிடம் ஒரு பழுப்புக் கோட்டு இருந்தது. பழுப்பு என்று இப்போது நான் எழுதுகிறேனே தவிர, எங்கள் வீட்டில் அதற்கு 'மூக்குப்பொடிக் கோட்டு' என்றுதான் பெயர். பெரியப்பா ராசிபுரத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்தார். பள்ளிக்கூடத்துக்கு வெள்ளை வேட்டி, கறுப்பு அல்பாகா கோட்டு. மூக்குப்பொடிக் கோட்டு சந்தைக்கும் தோட்டத்துக்கும் பஸ் பிரயாணத்துக்கும். "செம்மண் புழுதி இதிலே தெரியாது" என்பது பெரியப்பாவின் சித்தாந்தம். "தெரியாதுன்னா இல்லைன்னு அர்த்தமா?" என்பது பெரியம்மாவின் சித்தாந்தம்.

ஒரு தை மாதம் திருச்செங்கோட்டில் ஒரு கலியாணம். வழியில் பஸ் நின்றுவிட்டது. அல்பாகா கோட்டு பெட்டியின் அடியில் கிடந்தது, முகூர்த்தமோ நெருங்கிவிட்டது. வந்த கோலத்தோடு, என்னையும் கையில் பிடித்துக்கொண்டு, பெரியப்பா பந்தலுக்குள் நுழைந்தார். வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற பையன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டிரைவருங்களுக்கெல்லாம் பின்னாலேங்க பந்தி" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். பெரியப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. பின்பக்கம் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். இலையில் எல்லாம் ஒன்றுதான். பாயசம் மட்டும் அந்தப் பக்கம் வரவில்லை.

அந்தப் பாயசம் ஏன் வரவில்லை என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பிற்பாடு பழைய புத்தகங்களைப் புரட்டும் வழக்கம் வந்தபோது, அங்கும் இங்குமாக அதற்குக் காரணங்கள் அகப்பட்டன.

முதலில் சொல்லையே பாருங்கள். பழுப்பு என்று நாம் எதைச் சொல்கிறோம்? உதிரப்போகும் இலையை, வருஷமான காகிதத்தை, சரியாக வெளுக்காத வேட்டியை. தன் நிறத்தை இழந்த பொருளுக்கு வைத்த பெயர் அது. அதை விரும்பி உடுத்த வேண்டுமானால் வேறு பெயர் வைத்தாக வேண்டும். ஆகவேதான் காப்பிக்கொட்டைக் கலர், அரக்குக் கலர், தேன் கலர் எல்லாம் வந்தன. அதுவும் பெண்களின் புடவைக்கு. ஆண்பிள்ளைக்கு வேட்டியின் கரையில் அரக்கு இருக்கலாம். உடல் முழுவதும் வெள்ளையாக இருக்க வேண்டும். சாயக்காரர்களுக்குப் பழுப்பு தெரியாது என்பதில்லை. காசுக்கட்டியிலும் மரப்பட்டையிலும் அழுத்தமான பழுப்பை அவர்கள் எடுத்திருக்கிறார்கள். ஆனாலும் சேலம் பெயர் எடுத்தது வெண்பட்டு வேட்டியில். அதற்கு இன்று புவிசார் குறியீடுகூட இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெள்ளை வேட்டியின் மேல் இத்தனை ஆசை வைத்த ஊர்கள் உட்கார்ந்திருப்பது செம்மண்ணில். சேலத்துக்கு மேற்கே கஞ்சமலை முழுவதும் இரும்புத் தாது. 1830-களில் ஹீத் என்ற துரை சேலத்துத் தாதுவைப் பரங்கிப்பேட்டை வரை கொண்டுபோய் உருக்கினார். அந்த இரும்பின் துருதான் நம் மண்ணுக்குச் சிவப்பு. திருச்செங்கோடு என்ற பெயரிலேயே சிவந்த மலை இருக்கிறது. அப்படிப்பட்ட மண்ணில் நடந்து, மாலையில் வெள்ளையாகவே வீடு திரும்புகிறவன் யார்? வண்டியில் போகிறவன், திண்ணையில் உட்கார்ந்திருப்பவன், உவர்மண்ணும் வெள்ளாவியுமாகத் தனக்கு வெளுத்துக் கொடுக்க வேறொருவன் இருக்கிறவன். நம் வெள்ளை வேட்டியில் பாதி சலவைத் தொழிலாளியின் முதுகுவலி. இதை நாம் மரியாதை என்று சொல்லிக்கொண்டோம்.

பழுப்பு நம் ஆண்களின் உடம்பில் ஏறியது வேறு வழியாக. 1846-இல் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் என்ற அதிகாரி 'கைட்ஸ்' என்ற எல்லைப் படையைத் திரட்டினார். பளபளக்கும் சிவப்புச் சட்டை, எல்லைப்புற மலைகளில் எதிரியின் துப்பாக்கிக்கு நல்ல குறியாகிவிடும் அல்லவா? அதனால் தன் ஆட்களுக்கு மண்ணோடு மண்ணாகத் தெரியும் உடையைக் கொடுத்தார். பாரசீகத்தில் 'காக்' என்றால் புழுதி. காக்கி என்றால் புழுதி நிறம். பெரியம்மா வேண்டாம் என்று சொன்ன அதே புழுதி.

1857-இல் கலகம் மூண்டபோது வெள்ளைச் சிப்பாய்கள் அவசர அவசரமாகத் தங்கள் வெள்ளை உடுப்புகளைத் தேயிலையிலும் காப்பியிலும் மையிலும் முக்கிப் பழுப்பாக்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு சலவைக்கும் ஒவ்வொரு நிறம் வந்ததாம். மங்களூரில் பாசல் மிஷன் நெசவுசாலையை நடத்திய ஹாலர் என்ற ஜெர்மானியர் காக்கிக்கு நல்ல சாயம் கண்டார் என்று அந்தப் பக்கத்தில் பெருமையாகச் சொல்வார்கள். 1880-களில் லங்காஷயர் சாயக்காரர்கள் வெயிலுக்கும் சலவைக்கும் அசையாத காக்கியைச் செய்துவிட்டார்கள். நூலிழையில் இரும்புத் துருவையும் குரோமியத் துருவையும் படியவைப்பதுதான் அந்த வித்தை. அதாவது, நம் செம்மண்ணுக்குச் சிவப்பைக் கொடுத்த இரும்பே சர்க்கார் காக்கிக்கும் பழுப்பைக் கொடுத்தது. வேட்டியில் பட்டால் அழுக்கு. சட்டையில் முக்கி எடுத்தால் உத்தியோகம்!

இதெல்லாம் நம் நாட்டுப் பைத்தியக்காரத்தனம் மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். 1902-இல் தன் படைக்கு உள்நாட்டிலேயே காக்கியைக் கட்டாயமாக்கிய இங்கிலாந்தில், கனவான்களுக்கு ஒரு எழுதாத விதி இருந்தது. பழுப்பு நாட்டுப்புறத்துக்கு, வேட்டைக்கும் வயல் வரப்புக்கும் சொரசொரப்பான ட்வீட் கோட்டு போட்டுக்கொள்ளலாம். லண்டனுக்குள் காலடி வைத்தால் கறுப்பு, கருநீலம், சாம்பல் இவைதான். பட்டணத்தில் பழுப்புக் கூடாது. 1920-களில் வேல்ஸ் இளவரசர் கருநீல உடைக்குப் பழுப்புச் செருப்பு போட்டபோது பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். ராஜகுமாரன் என்றபடியால் அது பிறகு மோஸ்தர் ஆயிற்று. ஏழை வீட்டுப் பிள்ளை போட்டால் ஆகாது. 2016-இல் அந்நாட்டின் சமூக முன்னேற்ற ஆணையம் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், லண்டன் முதலீட்டு வங்கிகளில் நன்றாகப் படித்த பையன்கள்கூட, உடையோடு பழுப்புச் செருப்பு போட்டு வந்த குற்றத்துக்காகத் தட்டிக் கழிக்கப்பட்டார்கள் என்று கண்டிருக்கிறது. அங்கேயும் பாயசம் வரவில்லை!

நம் பக்கம் காக்கிக்கு இன்னொரு பழியும் சேர்ந்தது. 1925-இல் ராஜாஜி திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். கிராமங்களில் ராட்டை சுழன்றது. தேசபக்தன் என்றால் வெள்ளைக் கதர், தடியோடு எதிரே நிற்பவன் என்றால் காக்கி என்று ஆயிற்று. நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையின் தகப்பனார் போலீஸ் உத்தியோகத்தில் இருந்தவர். மகனோ 1930 ஏப்ரலில் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் போன தொண்டர்களுக்கு நடைப்பாட்டு எழுதிக் கொடுத்தார். 1932-இல் தாமே சிறை சென்றார். தகப்பனார் உண்ட சோறு ஒரு பக்கம், மகன் உடுத்த வெள்ளை ஒரு பக்கம். அந்தத் தலைமுறையில் எத்தனையோ வீடுகள் இப்படி இரண்டு நிறமாகப் பிரிந்து கிடந்தன.

இத்தோடு நிறுத்தியிருந்தால் வெள்ளை நல்லது, காக்கி கெட்டது என்று முடித்துவிடலாம். ஆனால் அதே 1930-ஆம் வருஷம் டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் நடந்த ஒன்றை ஹட்டன் தம்முடைய சாதி பற்றிய நூலில் எழுதி வைத்திருக்கிறார். அங்கே ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது. கோட்டு கூடாது, சட்டை கூடாது, பனியன்கூடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். தேசம் முழுவதும் எந்தத் துணியை உடுத்துவது என்று பேசிக்கொண்டிருந்த வருஷத்தில், துணியே கூடாது என்றும் ஒரு கூட்டத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பக்கம் இப்படிப் பட்டியல் போட்டதாக நான் கேட்டதில்லை. பட்டியல் தேவைப்படவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அப்படிப்பட்டவனுக்குக் காக்கி என்ன? பட்டாளத்திலோ மோட்டார் கம்பெனியிலோ கிடைத்த அந்தச் சட்டையைக் கழற்று என்று சொல்ல, எந்தப் பண்ணையாருக்கும் சற்று யோசனையாகத்தான் இருந்திருக்கும். புழுதி நிறந்தான், ஆனால் பொத்தான் வைத்த புழுதி. பின்னாட்களில் நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகள் பெருகின. திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரிகள் நாடெங்கும் புறப்பட்டன. காக்கிச் சட்டைக்காரர்கள் அஸ்ஸாம் வரைக்கும் போய் வந்து வீடு கட்டினார்கள். நாமக்கல் 1997-இல் தனி மாவட்டமானபோது, அதன் பெயரை வட இந்தியச் சாலையோர டீக்கடைக்காரர்கள் முன்பே அறிந்திருந்தார்கள்.

கலியாணத்துக்குப் பிறகு பெரியப்பா மூக்குப்பொடிக் கோட்டைப் போட்டுக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டார் என்று சொல்ல முடியாது. ஆணியில் தொங்க விட்டுவிட்டார், அவ்வளவுதான். அடுத்த மழைக்காலத்தில் அதை எடுத்துத் தோட்டத்தில் வேலை செய்த ஆளிடம் கொடுத்தார். "எனக்கு எதுக்குங்க சாமி இதெல்லாம்?" என்று அவர் இரண்டு தரம் கேட்டார். பெரியப்பா, "குளிருது, போட்டுக்க" என்றார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வெற்றுடம்பின் மேல் அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துப் போட்டுக்கொண்டார். அவருக்கு அது தோளில் பெரிதாகத்தான் இருந்தது.

அதைப் போட்டுக்கொண்டே அடுத்த சந்தைக்குப் போயிருக்கிறார். எதிரே வந்த கணக்குப்பிள்ளை முதலில் கும்பிட்டுவிட்டு, அப்புறந்தான் முகத்தைப் பார்த்தாராம்.