ருத்ரன் கிட்டார் ஏந்திய கதை

1992-இல் மலேசியாவில் ராக் பாடகர்களின் தலைமுடிக்குக் கத்தரி வந்தது. நீளமுடியோடு அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம்மில் தோன்றக் கூடாதென்று தகவல் அமைச்சர் முகமது ரஹ்மத் உத்தரவிட, செர்ச் (Search) என்ற ராக் குழுவின் பாடகர் எமியும் முடியைக் குறைத்துக்கொண்டார். அதே ஆண்டு, ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம், கதிர், சிவா, பாலா என்ற இளைஞர்கள் சிங்கப்பூரில் ஒரு டெத் மெட்டல் குழுவைத் தொடங்கினார்கள். பெயர் ருத்ரா. வேதிக் மெட்டல் என்று பின்னாளில் உலகம் அழைத்த இசை பிறந்த வீடு அதுதான்.

மெட்டலுக்குக் கடவுள் சண்டை பிறவியிலேயே உண்டு. 1970-இல் பர்மிங்காமிலிருந்து வந்த பிளாக் சபாத்தைச் சாத்தான் கூட்டம் என்றார்கள். ஆனால் அதன் பாடலாசிரியர் கீசர் பட்லர் கத்தோலிக்க வீட்டில் வளர்ந்தவர். மறு வருடமே கடவுளுக்கு ஆதரவாக ஒரு பாட்டு எழுதினார். எண்பதுகளில் அமெரிக்காவின் ஸ்ட்ரைப்பர் குழு மேடையிலிருந்து பைபிள்களைக் கூட்டத்தில் வீசியது. ஒரு பக்கம் சாத்தான், மறுபக்கம் இயேசு. வந்தவர்களில் பலர் இந்த இரண்டில் ஒன்றைப் பற்றிக்கொண்டார்கள்.

ருத்ரா அந்த வழக்குக்குள்ளேயே போகவில்லை. அது கேட்டது 'நான் யார்' என்ற கேள்வியை. கதிர் அத்வைத வேதாந்தத்தை முறையாகப் படித்தவர். 1996-இல் குழு கலைந்தது, அடுத்த வருடம் மீண்டும் கூடியது, 1998-இல் முதல் ஆல்பம் வந்தது. 2003-இல் குருக்ஷேத்ரா. 2005, 2009, 2011 என்று மூன்று பாகங்களாக பிரம்மவித்யா. உபநிடதமும் கீதையும், ஆங்கில வரிகளும் சமஸ்கிருத மந்திரமும், அடித்தொண்டைக் குரலில்.

இது ஒட்டுப்போட்ட வேலையாகக் கேட்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. வேதம் ஓதுவது உதாத்தம், அனுதாத்தம், ஸ்வரிதம் என்ற சில சுரங்களுக்குள்ளேயே சுற்றும். அகன்ற ராக விரிவு கிடையாது. மெட்டலின் ரிஃப்பும், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியும், அப்படித்தான், ஒரு அடிச்சுரத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்துச் சுரங்களை மட்டும் தொட்டுத் திரும்பும். ஒன்றின் மேல் இன்னொன்றை வைத்தால் பொருந்தி உட்கார்ந்துவிடுகிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வளர்ந்த நமக்கு இதில் இன்னும் நெருக்கமான ஓர் உறவு இருக்கிறது. தைப்பூசத்தில் கோலாலம்பூர் மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் பத்துமலைக்குப் போகிறது. அங்கே காவடிகளுக்கு முன்னால் உறுமி மேளம். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து இழுக்கும்போது ஒரு முனகல் எழுந்து நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கும். அந்தக் கருவிக்கு நம் முன்னோர் வைத்த பெயரே உறுமி. மெட்டல் பாடகன் தொண்டையில் செய்வதையும் தமிழில் உறுமல் என்றுதான் சொல்வோம். சாமி வருவதற்கு நம்மிடம் எப்போதுமே பெரிய சத்தம் தேவைப்பட்டிருக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸில் கந்தசாமி கோயில் மணியைக் கேட்டு வளரும் பையனுக்கு ஒலிபெருக்கியும் பக்தியும் வேறு வேறு உலகம் என்று தோன்றியதே இல்லை.

பிறகு ஏன், எனக்குத் தெரிந்து, ருத்ரா போன்ற ஒரு குழு இங்கே மலேசியாவில் பிறக்கவில்லை? என் கணிப்பில், பயம். 2001-இல் மெகாடெத் என்ற மெட்டல் குழுவின் கோலாலம்பூர் நிகழ்ச்சி ரத்தானது. 2006-இல் தேசிய ஃபத்வா மன்றம் பிளாக் மெட்டலை முஸ்லிம்களுக்கு விலக்கப்பட்டது என்றது. 2013-இல் லாம்ப் ஆஃப் காட் என்ற மெட்டல் குழு வரவிருந்தபோது, அதன் பாட்டில் குர்ஆன் ஓதல் கலந்திருப்பதாக எதிர்ப்பு எழுந்து அனுமதி கிடைக்கவில்லை. ஃபத்வா ஒரு சமயத்தாருக்கு. சந்தேகப் பார்வை கறுப்புச் சட்டை போட்ட எல்லோருக்கும். அந்தச் சூழலில் சாமியையும் மெட்டலையும் ஒரே மேடையில் ஏற்ற எந்த வீட்டில் சம்மதிப்பார்கள்?

ருத்ராவிடம் எனக்கு ஓர் ஏக்கம் மிச்சமிருக்கிறது. அவர்கள் தேடிய கேள்விகளைத் தமிழில் சித்தர்கள் எப்போதோ கேட்டுவிட்டார்கள். நட்ட கல்லும் பேசுமோ என்று கேட்டவர் சிவவாக்கியர். அவர் சந்தத்தைத் தொடையில் தட்டிப் பாருங்கள், டபுள் பாஸ் டிரம்மின் ஓட்டம் அதில் ஏற்கெனவே ஓடுகிறது. கிள்ளானில் ஏதோ ஒரு கடைவீட்டு மாடியில், ஓர் உறுமிக்காரனும் ஒரு கிட்டார்காரனும் சேர்ந்து அதை வாசிக்கும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்.