திலக் ரத்னநாதர்: கேட்டலை ஆராய்ந்த காது கேளாத அறிவியலர்

திலக் ரத்னநாதர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உயிரிமருத்துவப் பொறியியல் துறை ஆய்வாளர். இலங்கையில் பிறந்தவர், இலங்கைத் தமிழர் மரபில் வந்தவர். பிறவியிலேயே இரு காதுகளிலும் ஆழ்ந்த செவித்திறன் இழப்பு உடையவர். அவர் தம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் கேட்டல். ஒலி காதுக்குள் எவ்வாறு உணரப்படுகிறது, மூளையின் எப்பகுதி அதை வாங்கிக்கொள்கிறது என்பவற்றைக் கணிதத்தின் துணையுடன் ஆராய்ந்தார். காது கேளாத இளைஞர்கள் அறிவியல் துறைக்குள் வருவதற்கான வழியைத் திறந்துவிடுவதிலும் பல ஆண்டுகள் உழைத்தார். இவ்விரு பணிகளும் ஒன்றையொன்று தாங்கி நின்றவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முன்னோடிகள்

காது கேளாதவர்கள் அறிவியலில் ஈடுபடுவது புதிதன்று. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஜான் குட்ரிக் குழந்தைப் பருவம் முதலே காது கேளாதவர். அல்கோல் என்னும் விண்மீனின் ஒளி குறிப்பிட்ட கால இடைவெளியில் கூடிக் குறைவதை இரவுதோறும் வெறுங்கண்ணால் கவனித்துக் கணக்கிட்டார். அதற்காக 1783இல் இலண்டன் ராயல் கழகத்தின் காப்ளி பதக்கம் பெற்றபோது அவருக்கு வயது 19. 21ஆம் வயதிலேயே இறந்துவிட்டார்.

மருத்துவத் துறையில் பிரான்சு நாட்டின் சார்லஸ் நிக்கோலைக் கூறலாம். இளம் வயதில் செவித்திறனை இழந்ததால் அவரால் ஸ்டெதஸ்கோப்பைப் பயன்படுத்த இயலவில்லை. எனவே நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்துக்குச் சென்றார். டைபஸ் காய்ச்சலைப் பரப்புவது உடற்பேன் என்று கண்டறிந்து, 1928இல் நோபல் பரிசு பெற்றார்.

இவ்விருவரும் தம் குறைக்கு இடையூறு நேராத ஒரு மூலையைத் தேடிக்கொண்டவர்கள். விண்மீனைப் பார்ப்பதற்கும் நுண்ணோக்கியில் பார்ப்பதற்கும் காது தேவையில்லை. ஆனால் இன்றைய அறிவியல் தனியாளின் வேலை அன்று. குழுக் கூட்டம், கருத்தரங்கு, விவாதம், தொலைபேசி என்று அது பேச்சின் மேல்தான் நடக்கிறது. அந்தப் பேச்சுக்குள் நுழைய வழியில்லாதவர், எத்தனை அறிவுடையவராயினும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். ரத்னநாதர் வாழ்க்கையின் சிறப்பு அவர் அந்த வாசலைத் தமக்குப் பின் வருவோருக்காக அகலப்படுத்தியதில் இருக்கிறது.

கல்வி

சிறு வயதிலேயே இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தில் வளர்ந்தார். காதொலிக் கருவி, உதட்டசைவைப் படித்தல், இடைவிடாத பேச்சுப் பயிற்சி ஆகியவற்றின் வழியே பேச்சுமொழியைக் கற்றார். இலண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் கணிதம் பயின்று, பின்னர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் 1989இல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய பட்ட ஆய்வு பாய்மங்களின் கொந்தளிப்பான ஓட்டத்தை எண்முறையில் கணக்கிடுவது பற்றியது. காதுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று தோன்றும். ஆனால் உட்செவியும் பாய்மம் நிறைந்த ஒரு குழாய்தான். அந்தக் கணிதமே பின்னர் அவரைக் காதுக்குள் கொண்டுசென்றது.

மயிர்ச்செல்லின் இயக்கம்

உட்செவியிலுள்ள நத்தைச்சுருள், அதாவது காக்ளியா, நீட்டி வைத்தால் சுமார் 35 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். அதன் நெடுகிலும் உணர்மயிர்ச்செல்கள் வரிசையாக அமைந்துள்ளன. உள்வரிசையில் சுமார் 3,500 செல்களும் புறவரிசைகளில் சுமார் 12,000 செல்களும் உண்டு. உள்வரிசைச் செல்கள் ஒலியதிர்வை நரம்புக்குச் செய்தியாக அனுப்புகின்றன. புறவரிசைச் செல்களோ தாமே நீண்டும் குறுகியும் மெல்லிய ஒலியைப் பெருக்கித் தருகின்றன. இவ்வியக்கத்தை 1985இல் வில்லியம் பிரவுனெல் விளக்கினார். மனிதரில் இச்செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. செவித்திறன் இழப்பில் பெரும்பகுதி இவற்றின் சேதத்தால் வருவதே.

ரத்னநாதர் 1991இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சென்று பிரவுனெல் உள்ளிட்டோருடன் பணியாற்றினார். புற மயிர்ச்செல் உருளை வடிவினது. உள்ளே அழுத்தத்துடன் நீர்மம் இருக்க, மீள்தன்மையுள்ள மெல்லிய சுவர் அதைச் சூழ்ந்திருக்கிறது. சைக்கிள் டியூபை நினைத்துக்கொண்டால் ஓரளவு விளங்கும். அந்தச் சுவர் எவ்வளவு விறைப்பானது? இழுத்துவிட்டால் உடனே பழைய நிலைக்குத் திரும்புமா, மெல்லத் திரும்புமா? உப்பின் அடர்த்தி மாறினால் செல் எப்படி உப்பும்? இக்கேள்விகளுக்கு அவரும் உடன் ஆய்வாளர்களும் சோதனை அளவீடுகளையும் கணிதச் சமன்பாடுகளையும் இணைத்து விடை தேடினர். நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை இயங்கவேண்டிய செல்லுக்கு இவ்விடைகள் அடிப்படையானவை.

காதிலிருந்து மூளைக்கு

பின்னர் அவருடைய கவனம் மூளையின் பக்கம் திரும்பியது. மைக்கேல் மில்லர் முதலியோருடன் சேர்ந்து, காந்த அதிர்வுப் படங்களிலிருந்து மூளையின் மேலுறையை அளக்கும் முறைகளை வளர்த்தார். இத்துறையைக் கணிப்பு உடற்கூற்றியல் எனலாம். எந்த இருவருடைய மூளையும் ஒரே வடிவில் இருப்பதில்லை. ஒரு மூளையின் படத்தை நெகிழ்த்தி மற்றொன்றின் மீது பொருத்தி, எங்கே எவ்வளவு வேறுபாடு என்பதைக் கணக்கிடுவதே இதன் அடிப்படை. ஒலியை முதலில் வாங்கும் ஹெஷல் மடிப்பும் அதையடுத்த பகுதியும் அவருக்கு முக்கிய ஆய்விடங்கள். இதே அளவீட்டு முறைகள் மனச்சிதைவு நோய், அல்சைமர் மறதிநோய் ஆகியவற்றின் ஆய்வுகளிலும் பயன்பட்டன. மறதி வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மூளையின் சில பகுதிகள் சுருங்கத் தொடங்குவதைக் காட்டிய ஆய்வுக் குழுவிலும் அவர் இருந்தார்.

பிறவியிலேயே ஒலி வந்து சேராத மூளையில் என்ன நடக்கிறது என்பதும் அவருடைய நீண்டகாலக் கேள்வி. ஒலியோ சைகையோ, ஏதேனும் ஒரு மொழி குழந்தைக்கு முதல் சில ஆண்டுகளுக்குள் கிடைத்தாக வேண்டும் என்பது இத்துறையின் பொதுவான முடிவு. காலம் தவறினால் மூளையின் அப்பகுதி வேறு வேலைக்குப் போய்விடுகிறது.

அவரும் நடுவயதில் காக்ளியர் இம்ப்ளாண்ட் பொருத்திக்கொண்டார். கருவி பொருத்திய மறுநாளே பேச்சு புரிந்துவிடாது. புதிய ஒலிகளை மூளைக்குப் பழக்க வேண்டும். அப்பயிற்சிக்காக அவரும் மாணவர்களும் 'ஸ்பீச் பனானா' என்ற செயலியை உருவாக்கினர். செவித்திறன் வரைபடத்தில் பேச்சொலிகள் அமையும் இடம் வாழைப்பழத்தின் வடிவில் வளைந்திருப்பதால் வந்த பெயர் இது.

கருத்தரங்கக் கூடத்தில் ஒரு திரை

அமெரிக்காவில் செவித்திறன் ஆராய்ச்சியாளர்கள் ஆண்டுதோறும் கூடும் பெரிய மாநாட்டைக் காது மூக்குத் தொண்டை ஆராய்ச்சிச் சங்கம் நடத்துகிறது. 1990களின் தொடக்கத்தில் ரத்னநாதர் அங்குச் செல்லத் தொடங்கியபோது, காது கேளாத ஆய்வாளர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே இருந்தனர். காது கேளாமையைப் பற்றியே பேசும் அரங்கில், காது கேளாதவர் உட்கார்ந்தால் எதுவும் விளங்காது. இருட்டிய கூடம், திரையைப் பார்த்துத் திரும்பி நின்று பேசும் உரையாளர், பின்வரிசையிலிருந்து எழும் கேள்வி. இவற்றில் எதிலும் உதட்டைப் பார்க்க முடியாது.

பார்க்க முடிந்தாலும் உதடு முழுச் செய்தியையும் தருவதில்லை. தமிழில் 'பாலை', 'மாலை' என்ற இரு சொற்களைக் கண்ணாடி முன் நின்று ஓசையின்றிச் சொல்லிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகவே தெரியும். சூழலைக் கொண்டு ஊகிக்க வேண்டும். புதிய அறிவியல் செய்தியை ஊகித்தறிவது எப்படி?

இதற்குத் தீர்வு உடனடி எழுத்துரை. பயிற்சி பெற்ற சுருக்கெழுத்தாளர் தனிவகை விசைப்பலகையில் தட்டத் தட்ட, பேச்சு சில நொடிகளில் திரையில் எழுத்தாக ஓடும். இத்தகைய ஏற்பாடுகளை மாநாட்டின் வழக்கமான பகுதியாக்க ரத்னநாதர் தொடர்ந்து பாடுபட்டார். 1990இல் இயற்றப்பட்ட அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் இதற்கு அடித்தளமாக இருந்தது. எனினும் சட்டம் இருந்தால் மட்டும் போதாது; ஒவ்வோர் ஆண்டும் கேட்டுக்கொண்டே இருக்க ஒருவர் வேண்டும்.

அடுத்து அவர் செய்தது ஆள் சேர்ப்பது. செவித்திறன் குறைவுள்ள மாணவர்களைத் தேடி ஆய்வுக்கூடத்துக்கு அழைத்தார், மாநாடுகளுக்குக் கூட்டிச் சென்றார், மூத்த ஆய்வாளர்களுக்கு அறிமுகப்படுத்தினார். ஆண்டுகள் செல்லச் செல்ல அம்மாநாட்டில் காது கேளாத ஆய்வாளர்களும் மருத்துவ மாணவர்களும் ஒரு குழுவாகவே கூடும் நிலை உருவாயிற்று. இப்பணிக்காக அறிவியல், கணிதம், பொறியியல் துறைகளில் சிறந்த வழிகாட்டிகளுக்கு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பெயரால் வழங்கப்படும் விருது, ஒபாமா ஆட்சிக் காலத்தில் 2015இல் அவருக்கு அறிவிக்கப்பட்டது.

பேச்சா, சைகையா?

ரத்னநாதர் பேச்சுவழிக் கல்வியில் வளர்ந்தவர். அவ்வழி எல்லாருக்கும் உரியது என்று கொள்ளக்கூடாது. 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, பள்ளிகளில் சைகை மொழியை விலக்கப் பரிந்துரைத்தது. அதனால் பல தலைமுறைக் குழந்தைகள் தமக்கு இயல்பான மொழியை இழந்தனர். சைகை மொழி தனக்கென இலக்கணம் உடைய முழுமையான மொழி என்பது இன்று மொழியியலில் நிலைபெற்ற கருத்து. எழுத்துரை ஒருவருக்கு உதவும். சைகை மொழிபெயர்ப்பாளர் மற்றொருவருக்கு உதவுவார். எது வேண்டும் என்பதைப் பயன்படுத்துபவரிடமே கேட்பதுதான் அணுகல்தன்மையின் முதற்பாடம்.

சென்னையிலிருந்து பார்க்கையில்

தமிழ்நாட்டில் காது கேளாதோர் கல்விக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. பாளையங்கோட்டையில் புளோரன்ஸ் ஸ்வைன்சன் 1890களில் பள்ளி தொடங்கினார். நான் வசிக்கும் ராயப்பேட்டையிலிருந்து சிறிது தொலைவிலேயே சாந்தோமில் காது கேளாதோர் பள்ளி இருக்கிறது. அடையாறில் 1969இல் தொடங்கப்பட்ட பால வித்யாலயா, கைக்குழந்தைப் பருவத்திலேயே பயிற்சியைத் தொடங்குவதற்குப் பெயர்பெற்றது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ், 6 வயதுக்கு உட்பட்ட ஏழைக் குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளாண்ட் கட்டணமின்றிப் பொருத்தப்படுகிறது. ஆக, தொடக்கத்தில் நாம் பின்தங்கியிருக்கவில்லை.

இடர்ப்பாடு பிறகு வருகிறது. பொதுத்தேர்வில் காது கேளாத மாணவர்களுக்கு ஒரு மொழித்தாளிலிருந்து விலக்கு உண்டு. இரக்கத்தால் தந்த சலுகைதான். ஆனால் ஆங்கிலத்தை விட்டுவிட்டு வரும் மாணவர், ஆங்கிலப் பாடநூல்களே நிறைந்த அறிவியல் பட்டப்படிப்பில் எப்படித் தொடர்வார்? சலுகை தேர்வறையைக் கடக்க உதவுகிறது. வகுப்பறையில் என்ன பேசப்பட்டது என்பதை அது சொல்லித் தருவதில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உயர்கல்வியில் 5 விழுக்காடு இட ஒதுக்கீடு அளிக்கிறது. இடம் கிடைத்த பின் விரிவுரை எழுத்தாகக் கிடைக்கிறதா, சைகை மொழிபெயர்ப்பாளர் இருக்கிறாரா என்பதே அடுத்த கேள்வி.

இதில் என் பங்குக் குற்றத்தையும் சொல்ல வேண்டும். ஆசிரியப் பணியில் இருந்தபோது, காதொலிக் கருவி அணிந்த மாணவன் ஒருவன் என் வகுப்பில் முதல் வரிசையில் இருந்தான். முன்னால் உட்கார வைத்ததே பெரிய உதவி என்று நினைத்திருந்தேன். ஆண்டு முடிவில் அவன் அம்மா வந்து, "சார், நீங்க போர்டுல எழுதிக்கிட்டே பேசறப்ப இவனுக்கு ஒண்ணும் புரியலையாம்" என்றார். ஓராண்டு முழுவதும் பாதிப் பாடத்தை அவனுக்கு முதுகைக் காட்டித்தான் நடத்தியிருக்கிறேன். எழுதி முடித்துத் திரும்பி நின்று பேசுவதற்குச் செலவு எதுவும் இல்லை. எனக்குத் தெரியவில்லை, நானும் கேட்கவில்லை.

மதிப்பீடு

ரத்னநாதரின் வாழ்க்கையைத் தடைகளை வென்ற தனிமனிதரின் கதையாக மட்டும் படித்தால் பாதிதான் விளங்கும். அவருக்குக் காலத்தில் பயிற்சி கிடைத்தது, கணிதம் கற்கத் தடை இல்லாத பள்ளியும் பல்கலைக்கழகமும் கிடைத்தன, வேலைக்குச் சென்ற நாட்டில் ஒரு சட்டமும் இருந்தது. இவை கிடைத்ததால் செவியியலுக்கு ஒரு கணிதவியலர் கிடைத்தார். இவை கிடைக்காமல் எத்தனை பேரை அறிவியல் இழந்தது என்பதற்குக் கணக்கில்லை. இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர்களில் சிலர் நாளை ஆசிரியர்களாகவும் கூட்டம் நடத்துபவர்களாகவும் ஆவீர்கள். அப்போது அரங்கை ஒருமுறை பார்த்து, இங்கே யாருக்கு எது எட்டவில்லை என்று கேளுங்கள். பதில் சொல்ல அங்கே ஒருவர் காத்திருக்கக்கூடும்.