சோம்பேறிக் கொழுக்கட்டையின் கதை

போலந்து நாட்டில் ஒரு பலகாரத்துக்கு 'சோம்பேறிக் கொழுக்கட்டை' என்று பெயர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் பெயர். அவர்கள் மொழியில் 'லெனிவே பியரோகி'. பியரோகி என்றால் உள்ளே பூரணம் வைத்து மடித்த கொழுக்கட்டை. லெனிவே என்றால் சோம்பேறி. உள்ளே எதுவும் வைக்காமல், மடிக்காமல், எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து வெட்டிப் போட்டு வேகவைத்தால் அது சோம்பேறிக் கொழுக்கட்டை.

அமெரிக்காவுக்குக் குடிபோன போலந்துக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கொழுக்கட்டை வடிவமே வேண்டாம் என்று, மாவுத் தகட்டையும் உருளைக்கிழங்கு மசியலையும் ஒரு தட்டில் அடுக்கடுக்காகப் பரப்பி அவனில் வைத்து எடுத்துவிட்டார்கள். 'பியரோகி கேசரோல்' என்று இணையத்தில் தேடினால் நூற்றுக்கணக்கில் செய்முறை வரும். அதையும் பலர் 'சோம்பேறி' என்று சேர்த்துத்தான் எழுதுகிறார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். இதைச் செய்தவர்கள் நிஜமாகவே சோம்பேறிகளா? வார்சாவில் தொடங்கி, பென்சில்வேனியா வழியாக சிவகாசி வரைக்கும் வந்தால் பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரிஜினல்

பியரோகி செய்ய மைதா மாவை வெந்நீர் விட்டுப் பிசைந்து, மெல்லிசாகத் தேய்த்து, டம்ளர் வாயால் வட்டம் வட்டமாக வெட்ட வேண்டும். நடுவில் பூரணம் வைத்து, அரைவட்டமாக மடித்து, ஓரத்தை விரலால் அழுத்தி மூட வேண்டும். பிறகு கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, வெண்ணெயில் வதக்கிய வெங்காயத்தோடு பரிமாறுவார்கள். நம்ம ஊர் சோமாசியை எண்ணெயில் போடாமல் தண்ணீரில் போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இது எப்போது போலந்துக்கு வந்தது என்பதற்கு ஒரு புனிதர் கதை உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித யாட்செக் என்பவர் பஞ்ச காலத்தில் மக்களுக்கு பியரோகி கொடுத்தார் என்பார்கள். இது நம்பிக்கை. அச்சில் இருக்கிற சாட்சி 1682-இல் கிராக்கோவில் வெளியான 'காம்பெண்டியம் ஃபெர்குலோரும்' என்ற சமையல் புத்தகம். எழுதியவர் ஸ்தனிஸ்வாவ் செர்னியெத்ஸ்கி, ஒரு பிரபுவின் அரண்மனைச் சமையல்காரர். அதில் இருப்பது பெரிய வீட்டு பியரோகி, இறைச்சி வைத்தது.

ஏழை வீட்டு பியரோகிக்கு உருளைக்கிழங்கு வர வேண்டியிருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19-ஆம் நூற்றாண்டிலும் உருளைக்கிழங்கு அங்கே சாதாரண மக்களின் முக்கிய உணவாக மாறியது. கிழங்கு மசியல், 'ட்வாரூக்' என்ற பாலாடைக்கட்டி (கிட்டத்தட்ட நம்ம பனீர்), வதக்கிய வெங்காயம் மூன்றும் சேர்ந்த 'பியரோகி ருஸ்கியே' இன்றைக்கும் அங்கே ரொம்பப் பிரபலம். ருஸ்கியே என்றதும் ரஷ்யா என்று நினைக்கக்கூடாது. ருத்தேனியா என்ற பழைய பகுதியின் பெயர் அது, அதில் பெரும்பகுதி இன்றைக்கு உக்ரைனில் இருக்கிறது. 2022-இல் போர் தொடங்கியதும் இந்தக் குழப்பமே வேண்டாம் என்று போலந்தின் சில உணவகங்கள் 'உக்ரைன் பியரோகி' என்று பெயரை மாற்றி எழுதின.

ஒரு காஸ்ட் ஷீட் போடுவோம்

காமர்ஸ் படிக்கிறவன் கையில் எது கிடைத்தாலும் காஸ்ட் ஷீட்தான் :-) மெட்டீரியல், லேபர், ஓவர்ஹெட் என்று மூன்றாகப் பிரியுங்கள். பியரோகியில் மெட்டீரியல் ரொம்ப மலிவு: மாவு, கிழங்கு, வெங்காயம். ஓவர்ஹெட் ஒரு அடுப்பும் தண்ணீரும். மீதி எல்லாமே லேபர். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெட்டி, வைத்து, மடித்து, மூட வேண்டும். இருபது பேருக்குச் செய்தால் இருபது மடங்கு வேலை. ஒரே அண்டாவில் பொங்குகிற பொங்கல் மாதிரி கிடையாது.

ஆனால் இந்த லேபரை எந்த வீட்டுக் கணக்கிலும் எழுத மாட்டார்கள். அம்மா, பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும் உட்கார்ந்து பேசிக்கொண்டே மடிப்பார்கள், கூலி கிடையாது. இந்த இலவச லேபர் இருக்கிற வரைக்கும் பியரோகி மலிவான பலகாரம். அந்தக் கைகள் வேறு வேலைக்குப் போய்விட்டால் அது திடீரென்று விலை உயர்ந்த பலகாரம் ஆகிவிடும். கிழங்கு விலை ஏறியிருக்காது, நேரத்தின் விலைதான் ஏறியிருக்கும்.

நிலக்கரி ஊரில் நடந்தது

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லட்சக்கணக்கான போலந்துக்காரர்கள் அமெரிக்கா போனார்கள். பென்சில்வேனியா மாநிலத்தின் நிலக்கரிச் சுரங்க ஊர்கள், பிட்ஸ்பர்க் இரும்பாலைகள், சிகாகோ இறைச்சிக் கூடங்கள் என்று கடுமையான வேலை இருந்த இடங்களில் எல்லாம் அவர்கள் இருந்தார்கள். அங்கே மாதா கோயில் அடித்தளங்களில் பெண்கள் கூடி பியரோகி மடித்து, விற்று, கோயிலுக்கு நிதி சேர்ப்பது ஒரு வழக்கமாகவே ஆனது.

ஷெனாண்டோவா என்ற ஒரு சுரங்க ஊர். அந்த ஊர்க்காரர் டெட் ட்வார்ட்ஸிக் 1952-இல் தன் அம்மாவின் சமையலறையிலேயே பியரோகி செய்து கடைகளுக்குப் போட ஆரம்பித்தார். அம்மா பெயரால் 'மிஸஸ் டி'ஸ்' என்று பிராண்டு வைத்தார். உறையவைத்த பியரோகி பாக்கெட்டில் இன்றைக்கும் அமெரிக்காவில் முன்னணியில் இருப்பது அதுதான்.

கேசரோல் வந்தது இன்னொரு வழியில். 1915-இல் கார்னிங் நிறுவனம் அவனில் வைக்கக்கூடிய 'பைரெக்ஸ்' கண்ணாடிப் பாத்திரத்தை விற்க ஆரம்பித்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் பெண்கள் பெருமளவில் ஆலை வேலைக்குப் போனார்கள். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் அடுக்கி அவனுக்குள் தள்ளிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம் என்ற சமையல் நாடு முழுக்கப் பரவியது. பியரோகியும் அந்தப் பாத்திரத்துக்குள் போனது. இத்தாலிக்காரர்களின் லசான்யா தகடு பியரோகியின் மேல்மாவுக்குப் பதிலாக உட்கார்ந்தது.

ஆக, மடிக்க நேரம் இல்லாதவர்களுக்கு மூன்று வழிகள் கிடைத்தன. ஒன்று, மடிப்பையே விட்டுவிடுவது (லெனிவே). இரண்டு, லேபருக்குப் பதில் சாதனம் வாங்குவது (கேசரோல், அவன்). மூன்று, அடுத்தவர் லேபரை விலைக்கு வாங்குவது (பாக்கெட்).

இப்போது நம்ம பக்கம்

பூரணம் வைத்த கொழுக்கட்டை நமக்குப் புதிது இல்லை. மதுரைக்காஞ்சியில், இரவு முற்றிய நேரத்தில் மதுரைக் கடைத்தெருவில் உள்ளீடு வைத்துப் பிடித்த மோதகம் விற்றவர்கள் அப்படியே தூங்கி வழிவது வருகிறது. விருதுநகரிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரம். போலந்தின் அந்த 1682 புத்தகத்தைவிட பல நூற்றாண்டுகள் மூத்த சாட்சி. காசுக்காகக் கொழுக்கட்டை பிடித்துக் களைத்துப்போன ஆட்கள் அன்றைக்கே இருந்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு அதில் பிடித்த விஷயம்.

தென்மாவட்டங்களில் கொழுக்கட்டைக்கு இன்னொரு முக்கியமான இடம் ஔவையார் நோன்பு. செவ்வாய்க்கிழமை இரவு பெண்கள் மட்டும் ஒரு வீட்டில் கூடி, உப்பில்லாத கொழுக்கட்டை செய்து, கும்பிட்டு, அவர்களே சாப்பிடுவார்கள். ஆண்கள் பார்க்கவும் கூடாது, சாப்பிடவும் கூடாது. எந்த மாதம் என்பதற்கு ஒரு சொலவடை உண்டு: 'மறந்தா மாசி, தப்புனா தை, அசந்தா ஆடி'. மறந்துபோகும், தப்பிப்போகும், அசதி வரும் என்று முன்கூட்டியே தெரிந்து மூன்று வாய்ப்பு வைத்திருக்கிறார்கள். வேலை அதிகமுள்ள பெண்கள் போட்ட காலண்டர் அது.

நம்மிடமும் லெனிவே உண்டு. அதுதான் பிடிகொழுக்கட்டை. பூரணம் இல்லை, சொப்பு பிடிக்க வேண்டியதில்லை. மாவோடு வெல்லமோ தாளிப்போ சேர்த்து, கையில் வைத்து ஒரு பிடி, அவ்வளவுதான். ஐந்து விரல் தடமும் அதில் பதிந்திருக்கும்.

பயராபீஸ் காலம்

1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொள்ள கல்கத்தா போனார்கள். அடுத்த ஆண்டே சிவகாசியில் தொழில் தொடங்கிவிட்டது. 1940-இல் வெடிமருந்து விதிகள் வந்தபின் லைசென்ஸோடு பட்டாசு ஆலைகள் வந்தன. மழை பொய்க்கிற கரிசல் காட்டில் கூலி கொடுத்தது இந்தத் தொழில்தான். நம்ம பக்கம் யாரும் ஆலை என்று சொல்ல மாட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸ், பயராபீஸ்.

அங்கே பெண்கள் செய்கிற வேலையைக் கவனியுங்கள். தீக்குச்சியைக் கட்டையில் அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, காகிதக் குழாய் சுருட்டுவது, திரி வைப்பது, சரவெடி பின்னுவது. எல்லாம் வைப்பது, மடிப்பது, மூடுவது. கொழுக்கட்டைக்கு வேண்டிய அதே விரல் வேலை! இரண்டுக்கும் மைதாவேகூட பொது: நம்ம ஊரில் அது பரோட்டாவும் ஆகும், பெட்டி ஒட்டுகிற பசையும் ஆகும். ஒரே வித்தியாசம், ஆபீஸில் மடித்தால் பீஸ் ரேட், எண்ணிக் காசு கொடுப்பார்கள். வீட்டில் மடித்தால் கணக்கு கிடையாது.

ஒரு காலத்தில் குழந்தைகளின் விரல்களும் இந்தக் கணக்கில் இருந்தன. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசியைக் குறித்து எம்.சி.மேத்தா தொடர்ந்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆபத்தான தொழிலில் வைத்திருக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு.

விநாயகர் சதுர்த்தி வருவது ஆவணியில். தீபாவளிக்கு முந்தின அந்த மாதங்களில்தான் பயராபீஸில் வேலை நெருக்கும். காலையில் ஆபீஸ் வேன் வருவதற்குள் சோறு வடித்து, தூக்குவாளி கட்டி, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும். பகலெல்லாம் திரி வைத்த விரல் சாயங்காலம் வந்து சொப்பு பிடிக்குமா? பிடிகொழுக்கட்டைதான். சில வீடுகளில் அதுவும் இல்லை, கடையில் நாலு வாங்கி சாமிக்கு வைப்பார்கள். 

இப்போது பிளாஸ்டிக் அச்சு வந்துவிட்டது, பாக்கெட் கொழுக்கட்டை மாவு வந்துவிட்டது. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய இலவசத் திட்டத்தில் மிக்சியும் கிரைண்டரும் வீடுகளுக்கு வந்தன. போலந்துக்காரர்கள் போன அதே மூன்று வழிகள்: மடிப்பை விடு, சாதனம் வாங்கு, கடையில் வாங்கு.

அவன் இல்லாமல் ஒரு கேசரோல்

கேட்டால் கேளுங்கள், செய்முறையும் சொல்கிறேன். வீட்டில் செய்து சாப்பிட்ட முறை.

அரைக் கிலோ உருளைக்கிழங்கை அவித்து, சூடாக இருக்கும்போதே உப்பு, மிளகுத்தூள், கொஞ்சம் பால் விட்டு மசிக்கவும். 100 கிராம் பனீரை உதிர்த்துச் சேர்க்கவும். ஒரு கை நிறைய சின்ன வெங்காயத்தை வெண்ணெயில் பொன்னிறமாக வதக்கவும். அவசரப்பட வேண்டாம், ருசி முழுக்க இங்கேதான். லசான்யா தகட்டுக்குப் பதில் நாலு மெல்லிய சப்பாத்தியை அரைவேக்காடாகப் போட்டு எடுக்கவும்.

வெண்ணெய் தடவிய பாத்திரத்தில் சப்பாத்தி, மசியல், வெங்காயம், மறுபடி சப்பாத்தி என்று அடுக்கவும். மேலே மிச்ச வெங்காயமும் வெண்ணெயும். பழைய குக்கரின் அடியில் கல் உப்பைப் பரப்பி, ஒரு ஸ்டாண்டு வைத்து, பத்து நிமிடம் சூடாக்கவும். கேஸ்கட்டும் வெயிட்டும் போடக்கூடாது, தண்ணீரும் ஊற்றக்கூடாது. பாத்திரத்தை உள்ளே வைத்து சிறு தீயில் அரை மணி நேரம். அவன் இருந்தால் 180 டிகிரியில் 25 நிமிடம். துண்டு போடும் முன் கொஞ்சம் ஆறவிடுங்கள், இல்லாவிட்டால் சரிந்துவிடும்.

காரம் கிடையாது. நம்ம நாக்குக்கு ஊறுகாய் தேவைப்படலாம். ஆனால் மழை நாளில் சூடாகச் சாப்பிட்டால் அவர்கள் ஏன் இதை ஆறுதல் சாப்பாடு என்கிறார்கள் என்பது புரியும்.

யார் சோம்பேறி?

போலந்திலும் பென்சில்வேனியாவிலும் சிவகாசியிலும் மடிப்பைக் கைவிட்டவர்கள் ஓய்வெடுக்கப் போகவில்லை. ஆலைக்கும் ஆபீஸுக்கும் வயலுக்கும் போனார்கள். திரும்பி வந்து, இருக்கிற அரை மணியில் வீட்டுக்குப் பழைய ருசியைக் கொடுக்க வழி கண்டுபிடித்தார்கள். அதற்குச் 'சோம்பேறி' என்று பெயர் வைத்தது மடிக்காதவர்களாகத்தான் இருக்கும்.

இதில் இழப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. கூடி உட்கார்ந்து மடித்த நேரத்தில் பேச்சு இருந்தது, கதை இருந்தது, ஔவையார் நோன்பில் ஆண்களுக்குச் சொல்லாத ரகசியம் இருந்தது. பாக்கெட் மாவில் அது வராது. ஆனால் அந்தக் கூட்டம் வேண்டும் என்று ஆசைப்படுகிற நாம், மடிக்கிற வேலையை மட்டும் அம்மாக்களிடமே விட்டுவிட்டு ஏங்கக்கூடாது. ஔவையார் நோன்பு அவர்களுடையது, அதில் நமக்கு இடமில்லை. பிள்ளையார் சதுர்த்திக்கு அப்படித் தடை எதுவும் இல்லையே. நம்ம கையிலும் பத்து விரல் இருக்கிறது.

உங்கள் வீட்டில் பூரணமா, பிடியா, கடையா? யார் செய்கிறார்கள் என்பதையும் சேர்த்து பின்னூட்டத்தில் எழுதுங்கள்.